ஆறுதல் சொல்ல இத்தனை பேர் இருந்தும் தெரபிக்குப் போக எனக்கு 27 மாதங்கள் ஆயின

முதல் முறை அது வந்தபோது அலுவலக லிஃப்டில் இருந்தேன். நெஞ்சு படபடவென்று அடித்தது, இரண்டு கைகளும் மரத்துப்போயின, மூச்சு பாதிக்கு மேல் உள்ளே இறங்கவில்லை. சாகப்போகிறேன் என்று சத்தியமாக நம்பினேன். அதற்குப் பெயர் பேனிக் அட்டாக், திடீரென்று வரும் கடும் பயத் தாக்குதல், என்று அப்போது எனக்குத் தெரியாது. கதவு திறந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். யாரோ ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எல்லாம் சரியாக இருந்தது. “ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, டென்ஷனா இருக்கும், ரெஸ்ட் எடுங்க” என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நாளிலிருந்து ஒரு சைக்காலஜிஸ்டின் அறைக்குள் போய் உட்கார எனக்கு 27 மாதங்கள் ஆயின. அந்த 27 மாதமும் என்னைச் சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அக்கா இருந்தாள், அம்மா இருந்தார், உயிர் நண்பன் இருந்தான். யாரும் என்னைக் கைவிடவில்லை. ஆனால் “இதுக்கு சிகிச்சை இருக்கு, வா போகலாம்” என்று சொல்ல ஓர் ஆள்கூட இல்லை. அந்த ஒரு விஷயத்தில் நான் முழுக்கத் தனியாகவே கிடந்தேன். இதை யாராவது முன்பே எனக்குச் சொல்லியிருக்கக் கூடாதா என்று இன்றும் நினைக்கிறேன், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் ஐந்து மாதம் உடம்பில் கோளாறைத் தேடுவதிலேயே போனது. நான்கு ஈசிஜி, ஒரு எக்கோ, டிரெட்மில் பரிசோதனை, தைராய்டு, எண்டோஸ்கோபி. உடம்பை ஒருமுறை பார்த்துவிடுவது தவறே இல்லை, கட்டாயம் பார்க்க வேண்டும். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். தப்பு எங்கே நடந்தது என்றால், ஒரு டாக்டர் “எல்லாம் நார்மல்” என்று சொன்னதும் அடுத்த டாக்டரிடம் போனேன். நான் மட்டும் போகவில்லை, என் வீட்டாரும் சேர்ந்தே என்னை அடுத்த டாக்டரிடம் அனுப்பினார்கள். ஒவ்வொரு சொந்தக்காரருக்கும் ஒரு நல்ல இதய நிபுணரைத் தெரிந்திருந்தது. மனநலம் பார்ப்பவர் ஒருவரைக்கூட யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் வாய் திறக்கவில்லை. மூன்று மாதச் சம்பளம் அந்தப் பரிசோதனைகளிலேயே கரைந்தது.

அப்புறம் அக்கா பொறுப்பெடுத்துக்கொண்டாள். லிஃப்டில் தனியாக ஏற முடியவில்லை என்றால் அவள் வந்து ஏறுவாள். பேருந்தில் போக முடியவில்லை என்றால் வண்டியில் கொண்டுபோய் விடுவாள். அவள் கைப்பையில் எனக்காக ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு விசிறியும் எப்போதும் இருக்கும். படபடப்பு தொடங்கினால் என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தின் நொடி முள்ளைப் பார்த்துக்கொண்டே, உதடு மட்டும் அசைய நாடியை எண்ணுவாள். “தொண்ணூத்தி ரெண்டு. சரியாத்தான்டா இருக்கு, ஒண்ணும் இல்ல.” அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குப் பாதி உயிர் திரும்பும். ஆனால் அடுத்த முறை அவள் இல்லாத இடத்தில் படபடப்பு வந்தால் பயம் இரண்டு மடங்காக இருக்கும். அவள் எண்ணித்தான் நான் பிழைக்கிறேன் என்று என் உடம்பு மெல்ல மெல்ல நம்பத் தொடங்கியிருந்தது. முதல் வருடம் முடியும்போது லிஃப்ட், பேருந்து, கூட்டம் நடக்கும் அறை, முடிவெட்டும் கடை நாற்காலி என நான் போகாத இடங்கள் கூடிக்கொண்டே போயின. அவளும் தன் வேலை நேரத்தை மாற்றிக்கொண்டு, தன் குழந்தைகளை வேறொருவரிடம் விட்டுவிட்டு என்னோடு அலைந்தாள். எவ்வளவு பாசம் அது! ஆனால் அந்தப் பாசத்தால்தான் எனக்கு சிகிச்சை தேவை என்பதே வெளியில் தெரியாமல் போனது. நான் தடுமாறும் ஒவ்வோர் இடத்திலும் அவள் முட்டுக்கொடுத்ததால், தடுமாற்றம் யார் கண்ணுக்கும் படவில்லை, என் கண்ணுக்கும்தான்.

நண்பன் விஷயம் வேறு. அவனோடு ஒவ்வோர் இரவும் ஒரு மணி நேரம், சில நாள் இரண்டு மணி நேரம் பேசுவேன். இன்று எங்கே வந்தது, எப்படி வந்தது, நாளை வந்தால் என்ன செய்வது, ஒருவேளை டாக்டர்கள் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால்? திரும்பத் திரும்ப இதே பேச்சு. போனை வைக்கும்போது மனசு லேசாக இருக்கும். மறுநாள் காலை கண் விழித்ததும் முந்தைய இரவு பேசியதெல்லாம் வரிசையாக வந்து நிற்கும். அமாண்டா ரோஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பின்னால் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளிப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு அது. நண்பர்கள் இருவர் ஒரே பிரச்சினையை மறுபடி மறுபடி கிளறிப் பேசும்போது நட்பு நெருக்கமாகிறது, அதே நேரத்தில் மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருக்கின்றன என்று அவர் கண்டார். எங்கள் இருவருக்கும் நடந்தது அப்படியே இதுதான். நாங்கள் முன்னைவிட நெருக்கமானோம், நான் முன்னைவிட மோசமானேன்.

அம்மா சொன்னது ஒன்றே ஒன்றுதான். “வெளியில யார்கிட்டயும் சொல்லாத.” அம்மாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெயர் கெட்டுவிடக் கூடாது, பிள்ளையை யாரும் பைத்தியம் என்று சொல்லிவிடக் கூடாது என்ற பயம்தான் அவரை அப்படிச் சொல்ல வைத்தது. ஆனால் அந்த ஒரு வரியின் விலையைப் பாருங்கள். நான் யாரிடமும் சொல்லாததால், இதே பிரச்சினைக்கு சிகிச்சை எடுத்துக் குணமானவர்கள் என் பக்கத்திலேயே இருந்தும் அவர்களும் என்னிடம் சொல்லவில்லை. எல்லாரும் மூடி வைத்திருந்தால் யாருக்கு யார் வழிகாட்டுவது?

ஜேம்ஸ் ஹவுஸ் என்ற சமூகவியலாளர் 1981-இல் ஆதரவை நான்காகப் பிரித்தார். மனதுக்குத் துணையாக இருப்பது, கைவேலையாக உதவுவது, தகவல் தருவது, நம் நிலைமையை நாமே சரியாக எடைபோட உதவுவது. இதைப் படித்த அன்று ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, எனக்கு யார் எதைத் தந்தார்கள் என்று எழுதிப் பார்த்தேன். முதல் கட்டத்தில் எட்டுப் பெயர். இரண்டாவதில் அக்கா. மூன்றாவதும் நான்காவதும் காலி. “உனக்கு வர்றதுக்குப் பேரு பேனிக் அட்டாக், அதுக்கு இந்த மாதிரி ஆளைப் பார்க்கணும்” என்பது தகவல். “ஒரு வருஷமா லிஃப்ட்ல ஏறாம இருக்க, இது சும்மா டென்ஷன் இல்ல” என்பது எடைபோடுவது. இந்த இரண்டு வாக்கியங்களும்தான் 27 மாதமும் எனக்குக் கிடைக்காமல் போயின. நீங்கள் இப்போது இப்படி ஏதாவது ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தால், அந்த நான்கு கட்டத்தையும் போட்டுப் பாருங்கள். எந்தக் கட்டம் காலி என்று தெரிந்தால், அடுத்து எப்படிப்பட்ட ஆளைத் தேட வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

துணையாக இருக்கும் ஆட்களால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். துக்கம், வேலை போன வருத்தம், உறவில் வந்த முறிவு என எத்தனையோ விஷயங்களைச் சொந்தமும் நட்பும் சேர்ந்தே கடத்திவிடுவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். எல்லாவற்றுக்கும் தெரபி தேவைப்படாது. அப்படியானால் எப்போது தேவை? எனக்கு இப்போது ஓர் அளவுகோல் இருக்கிறது. ஆட்களோடு பேசப் பேச என் நடமாட்டம் விரிகிறதா, சுருங்குகிறதா? தூக்கமும் வேலையும் சாப்பாடும் திரும்பி வருகின்றனவா? சில வாரங்கள் ஆகியும் சுருங்கிக்கொண்டே போனால், ஆறுதல் போதவில்லை என்றுதான் அர்த்தம். இன்னொன்று, இதற்குக் காத்திருப்பே கூடாது: வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அளவுகோலும் வேண்டாம், கட்டமும் வேண்டாம். அன்றே, அந்த மணி நேரமே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ அவசர உதவி எண்ணுக்கோ போய்விட வேண்டும். பக்கத்தில் இருப்பவர் தனியாக விடாமல் கூடவே போக வேண்டும்.

பதினான்காவது மாதத்தில் ஒரு முயற்சி நடந்தது, அதைச் சொல்லாமல் விட முடியாது. நண்பனின் நண்பனுக்குத் தெரிந்த ஒருவர் “கவுன்சலிங்” செய்கிறார் என்றார்கள். தெரிந்தவர் மூலம் வந்தவர் என்பதாலேயே நான் எதையும் விசாரிக்கவில்லை. என்ன படித்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. பத்து அமர்வுக்கான பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். முதல் நாளே என் பிரச்சினைக்கு என் சிறுவயதில் நடந்த ஒரு சம்பவம்தான் காரணம் என்று முடிவுகட்டினார். இரண்டாவது நாள் அவருடைய போன் நான்கு முறை அடித்தது, நான்கு முறையும் எடுத்துப் பேசினார். நான் அவரிடம் சொன்ன ஒரு விஷயம் பத்து நாளில் நண்பனின் நண்பன் வாயிலிருந்து வந்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்றாவது அமர்வுக்குப் பிறகு போகவில்லை. மீதி ஏழு அமர்வுக்கான பணம் திரும்பி வரவில்லை. அதைவிடப் பெரிய நஷ்டம், “தெரபியும் பார்த்தாச்சு, வேலைக்கு ஆகல” என்று நானும் என்னைச் சுற்றியிருந்தவர்களும் முடிவு செய்துவிட்டோம். அந்த முடிவு இன்னும் பதினோரு மாதத்தை விழுங்கியது.

எலியட் ஃப்ரெய்ட்சன் என்ற சமூகவியலாளர் 1960-லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். நோய் என்றதும் மனிதர்கள் நேராக மருத்துவரிடம் போவதில்லை. வீட்டில் ஒருவர், பக்கத்தில் ஒருவர், அவருக்குத் தெரிந்த இன்னொருவர் என்று சாதாரண ஆட்களின் சங்கிலி ஒன்று இருக்கிறது, அதுதான் யாரிடம் போக வேண்டும், போக வேண்டுமா என்பதையே தீர்மானிக்கிறது என்றார் அவர். என் சங்கிலி என்னைத் தப்பான வாசலில் கொண்டுபோய் விட்டது. அதனால் ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தெரிந்தவர் சொன்னார் என்பது ஒரு தொடக்கம், அவ்வளவுதான். அதற்கு மேல் நீங்கள் கேட்டே ஆக வேண்டும்: என்ன படிப்பு, எங்கே பயிற்சி, பதிவு இருக்கிறதா, என் பிரச்சினைக்கு எந்த முறையில் சிகிச்சை தருவீர்கள், ஏறக்குறைய எத்தனை அமர்வு ஆகும், நான் சொல்வதில் எது வெளியே போகும், எது போகாது. நல்ல தெரபிஸ்ட் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார். உயிருக்கு ஆபத்து போன்ற சில நேரங்களில் மட்டும் ரகசியத்தைக் காக்க முடியாது என்பதை முதல் நாளே அவராகவே சொல்லிவிடுவார். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். உங்கள் குடும்பத்தோடும் நட்பு வட்டத்தோடும் பழக்கம் உள்ளவரை, எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், உங்கள் தெரபிஸ்டாக வைத்துக்கொள்ளாதீர்கள். சைக்யாட்ரிஸ்ட் என்பவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் பரிசோதனையும் பேச்சு வழியான சிகிச்சையும் செய்வார். சிலருக்கு இரண்டு பேருமே தேவைப்படலாம். இந்த அடிப்படை வித்தியாசத்தைக்கூட என்னைச் சுற்றியிருந்த எட்டுப் பேரில் ஒருவர் எனக்குச் சொல்லவில்லை, அவர்களுக்கும் தெரியாது.

வழி வந்தது நான் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து. எங்கள் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் ஒருவர் இருந்தார். மாதத்துக்கு ஒருமுறை பயணச் செலவு ரசீது கொடுக்கும்போது பேசுவேன், அவ்வளவுதான் பழக்கம். ஒருநாள் மாடிப்படியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தேன், அவர் இறங்கி வந்தார். நின்றார். சுற்றிலும் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, “தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு வருஷமா உங்களைப் படியிலதான் பார்க்கிறேன். நானும் இப்படி ஏறினவன்தான்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் வேறெதுவும் கேட்கவில்லை. “நான் பதினாலு தடவை போனேன். இப்ப லிஃப்ட்ல போறேன். வேணும்னா அவங்க நம்பர் தர்றேன், வேண்டாம்னா மறந்துடுங்க” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். மொத்தம் ஒரு நிமிடம்கூட இருக்காது. இரண்டு வருடம் எட்டுப் பேர் பேசிய பேச்சு செய்யாததை அந்த ஒரு நிமிடம் செய்தது.

ஏன் என்று பிறகு நிறைய யோசித்தேன், கிடைத்ததைப் படித்தேன். மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று இருக்கிறது. நெருக்கமானவர்களுக்கு நமக்குத் தெரிந்ததேதான் தெரியும், புதிய தகவல் பெரும்பாலும் தூரத்துப் பழக்கங்கள் வழியாகத்தான் வரும் என்பது அதன் சாரம். இன்னொருவர் சார்லஸ் கடூஷின். நியூயார்க்கில் மனநல கிளினிக்குகளுக்கு விண்ணப்பித்தவர்களை ஆராய்ந்து 1966-இல் எழுதினார். அங்கே ஒரு வட்டம் இருந்தது. அந்த வட்டத்தில் ஒருவருக்கு ஒருவர் தங்கள் பிரச்சினையைச் சொல்லிக்கொள்வார்கள், சிகிச்சைக்குப் போனவர்களைத் தெரிந்து வைத்திருப்பார்கள், போகச் சொல்லுவார்கள். அந்த வட்டத்துக்குள் இருப்பவர் தெரபிக்குப் போவது இயல்பாக நடந்தது. பெர்னிஸ் பெஸ்கோசோலிடோ என்ற சமூகவியலாளர் 1990-களின் தொடக்கத்தில் இதையே இன்னும் விரித்தார். சிகிச்சைக்குப் போவது என்பது ஒருவர் தனியாக உட்கார்ந்து லாப நஷ்டம் பார்த்து எடுக்கும் முடிவு அல்ல, சுற்றியிருப்பவர்களோடு பேசிப் பேசிக் காலப்போக்கில் உருவாவது என்றார். அந்த வலைப்பின்னலில் எத்தனை பேர் என்பது மட்டும் போதாது, அவர்கள் என்ன நம்புகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். எட்டுப் பேர் பாசமாக இருந்து, எட்டுப் பேரும் மனநல சிகிச்சையை நம்பவில்லை என்றால், அந்தப் பாசம் நம்மை வீட்டிலேயே உட்கார வைத்துவிடும். எனக்கு 27 மாதம்தான் போனது. அமெரிக்காவில் எடுத்த ஒரு பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2005-இல் வந்தது. சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்தவர்களிலேயே, மனச்சோர்வு போன்ற பிரச்சினைகளுக்கு 6 முதல் 8 வருடமும், பதற்றம் சார்ந்த பிரச்சினைகளுக்கு வகையைப் பொறுத்து 9 முதல் 23 வருடமும் தாமதம் இருந்தது. படித்துவிட்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். 23 வருடம்!

அதனால் யாரிடம் முதலில் சொல்வது என்பதை யோசித்துச் செய்யுங்கள். நான் மிக நெருங்கியவர்களிடம் முதலில் போனேன். இப்போதானால், இந்தப் பாதையில் ஏற்கெனவே நடந்த ஒருவரைத் தேடிப் போவேன். அவர் நெருங்கியவராக இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டால், மெல்லத் தூண்டில் போடலாம். “தூக்கமே சரியில்ல, யாரையாவது பார்க்கலாமான்னு யோசிக்கிறேன்” என்று பொதுவாகச் சொல்லிப் பாருங்கள். போனவர் குரல் உடனே மாறும், இரண்டு கேள்வி கேட்பார். போகாதவர் “அதெல்லாம் ஒண்ணும் இல்ல” என்பார். இரண்டாமவர்மேல் கோபப்பட வேண்டாம், வேறொருவரிடம் போய்விடுங்கள். கேட்கும்போதும் “எனக்கு என்ன செய்றதுன்னே தெரியல” என்று கேட்காதீர்கள், அது ஆறுதலைத்தான் கொண்டுவரும். “எனக்கு ஒரு பேர் வேணும்”, “அப்பாயின்ட்மென்ட் போட நீ பேசுறியா?”, “முதல் நாள் வாசல் வரைக்கும் வர்றியா?” என்று ஒரு வேலையைக் கேளுங்கள். கணக்குப் பிரிவு சாரிடம் வாங்கிய தெரபிஸ்டின் எண்ணைப் போனில் அழுத்துவதற்கு எனக்கு ஒன்பது நாள் ஆனது. யாராவது எனக்காக அந்த ஒரு அழைப்பைச் செய்திருந்தால் ஒன்பது நாள் மிச்சமாகியிருக்கும்.

முதல் அமர்வில் தெரபிஸ்ட் மேடம் என் பயத்தைப் பற்றிக் கேட்டதைவிட என் ஆட்களைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். படபடப்பு வந்தால் யார் என்ன செய்வார்கள், நான் யாருக்கு முதலில் போன் செய்வேன், யார் இல்லாமல் எங்கே போக மாட்டேன். நான் அக்கா நாடி எண்ணுவதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டு, “அக்கா அடுத்த மாசம் ஒருநாள் வர முடியுமா? உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்” என்றார். அதன் பிறகு சிகிச்சை என்பது நான் நினைத்த மாதிரி கதை பேசுவதாக இல்லை. மெல்லிய ஸ்ட்ரா ஒன்றின் வழியாக மட்டும் மூச்சுவிடச் சொன்னார், சுழல் நாற்காலியில் சுற்றச் சொன்னார், அந்த இடத்திலேயே நின்றபடி ஓடச் சொன்னார். நான் பயந்த அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அது சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், யாரும் எதுவும் செய்யாமலே தானாக இறங்குவதை என்னையே பார்க்க வைத்தார். அந்த “யாரும் எதுவும் செய்யாமலே” என்பதுதான் முழு சிகிச்சையும்.

அதனால்தான் அக்கா வந்த அன்று அவ்வளவு கஷ்டமாக இருந்தது. மேடம் மிக மென்மையாகத்தான் சொன்னார். நீங்கள் செய்ததெல்லாம் அன்பினால்தான், ஆனால் நாடி எண்ணும் ஒவ்வொரு முறையும் எண்ண வேண்டிய ஆபத்து ஒன்று இருக்கிறது என்றுதான் இவருடைய மூளை கற்றுக்கொள்கிறது என்றார். அக்கா அப்படியே உட்கார்ந்திருந்தாள். “அப்ப நான்தான் இவனைக் கெடுத்தேனா?” என்று கேட்டாள். வெளியே வந்து வண்டி நிறுத்தும் இடத்தில் அழுதாள். எனக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. இதை நீங்கள் எதிர்பார்த்துக்கொள்ளுங்கள்: தெரபி தொடங்கினால் உங்கள் ஆட்களுக்கு வலிக்கும். நண்பனுக்கும் வலித்தது. “என்கிட்ட சொல்லாததையா அவங்ககிட்ட சொல்லப் போற?” என்றான். முன்கூட்டியே உட்கார வைத்து, “உன் இடத்துக்கு அவங்க வரல, நீ செய்ய முடியாத ஒண்ணை அவங்க செய்றாங்க” என்று சொல்லியிருந்தால் இவ்வளவு புண்பட்டிருக்க மாட்டார்கள். நான் சொல்லவில்லை, அது என் தவறு.

ஆரம்பிப்பதற்கு மட்டும் இல்லை, நடுவில் விட்டுவிடாமல் இருப்பதற்கும் சுற்றியிருப்பவர்கள்தான். நான்காவது அமர்வு முடிந்த சமயம் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர், “இன்னும் எத்தனை நாளைக்குடா போவ? காசைக் கொடுத்துப் பேசிட்டு வர்றதுக்கு எங்ககிட்டயே பேசலாமே” என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சமயம் பயிற்சிகள் கடினமாகி, படபடப்பு முன்னைவிட அதிகமாகத் தெரிந்துகொண்டிருந்தது. அவர் சொன்னது சரிதானோ என்று தோன்றி நிறுத்திவிட்டேன். ஏழு வாரம் போனது. திரும்பிப் போனபோது இரண்டாவது அமர்வில் இருந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருந்தது, அந்தப் பணமும் உழைப்பும் வீண். சந்தேகம் வந்தால் அதை அண்ணனிடம் கேட்காதீர்கள், தெரபிஸ்டிடமே கேளுங்கள். “எனக்கு முன்னேற்றம் தெரியல, நிறுத்திடலாமான்னு இருக்கு” என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்லலாம், அதுவும் சிகிச்சையில் ஒரு பகுதிதான். உண்மையாகவே ஒத்துவரவில்லை என்றால் வேறொருவரிடம் மாறலாம். அது தோல்வி இல்லை. மற்றவர்களுக்கு ஒரே ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் “பிசியோதெரபி மாதிரி, கோர்ஸ் முடியுற வரைக்கும் போகணும்” என்று சொல்லத் தொடங்கினேன். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. யாருக்கு எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யலாம். முழுவதும் தெரிந்தவர் ஒருவர் போதும்.

உங்களுக்குப் பிரியமான யாராவது இப்படி இருக்கிறார்கள் என்றால், உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். “நான் இருக்கேன்” என்று சொல்லுங்கள், அது தேவைதான். அதோடு நிறுத்தாதீர்கள். நீங்கள் போனவர் என்றால், வாய் திறந்து போனேன் என்று சொல்லுங்கள். போகாதவர் என்றால், தகுதியான இரண்டு மூன்று பெயரை விசாரித்துக் கொடுங்கள், பணம் இடித்தால் கட்டணம் குறைவான இடங்களையும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவையும் சேர்த்து விசாரியுங்கள், முதல் நாள் காத்திருக்கும் நாற்காலியில் பக்கத்தில் உட்காருங்கள். உள்ளே என்ன பேசினாய் என்று மட்டும் கேட்காதீர்கள். “அடுத்தது என்னிக்கு?” என்று கேளுங்கள்.

பதினான்காவது அமர்வோடு எனக்கு முடிந்தது, கணக்குப் பிரிவு சார் சொன்ன அதே எண்ணிக்கை. அடுத்த வாரம் அக்காவோடு ஒரு வேலையாக வெளியே போனோம். பத்தாவது மாடி. லிஃப்டில் எங்களோடு இன்னும் ஆறு பேர் ஏறினார்கள். ஐந்தாவது மாடி தாண்டும்போது எனக்குப் படபடப்பு லேசாகத் தொடங்கியது, என் முகத்தைப் பார்த்தே அக்கா கண்டுபிடித்துவிட்டாள். அவள் வலது கை என் மணிக்கட்டை நோக்கி நகர்ந்தது. பாதியில் நின்றது. அப்புறம் தன் கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, மாறும் மாடி எண்களைப் பார்த்தபடி நின்றாள். ஒன்பதில் எனக்கு மூச்சு சீரானது. கதவு திறந்ததும் அவள்தான் முதலில் பெருமூச்சு விட்டாள்.